குரலை எடுத்த பிறகு மிஞ்சிய பாட்டு



ஒரு பாட்டு காதில் விழுந்ததும் யார் பாடியது என்று கேட்போம். அடுத்து, இசை யாருடையது. பிறகு, எழுதியவர் யார். டப், ஆம்பியன்ட், டவுன்டெம்போ என்ற பெயர்களில் கிடைக்கும் மின்னணு இசை ஆல்பங்களுக்குள் நுழைய நினைப்பவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சில பெயர்கள் அச்சாகியிருக்கும். எந்த ஸ்டுடியோவில் பதிவானது, மிக்ஸ் செய்தவர் யார், இசைத்தட்டை வெட்டியவர் யார் என்ற விவரங்கள். இந்த இசையை உண்மையில் உருவாக்கியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பின்தொடர்ந்தால் ஒரு நல்ல ஆல்பம் பத்து நல்ல ஆல்பங்களிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஜமைக்காவிலிருந்து தொடங்குகிறேன். 1960களின் இறுதி. அங்கே பாட்டுக் கேட்பது பெரும்பாலும் தெருவில்தான். சவுண்ட் சிஸ்டம் என்பார்கள்: ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர்கள், தட்டு ஓட்டுகிறவர், மைக் பிடித்துப் பேசுகிறவர், சுற்றிலும் ஆடுகிற கூட்டம். ஸ்பானிஷ் டவுனில் அப்படி ஒரு சிஸ்டம் நடத்திவந்தவர் ரூடி ரெட்வுட். கிங்ஸ்டனில் தயாரிப்பாளர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் அவருக்காக ஒரு தட்டு வெட்டினார்கள். பாரகன்ஸ் குழுவின் 'ஆன் த பீச்' பாட்டு. வெட்டிய ஒலிப்பொறியாளர் பைரன் ஸ்மித், குரல் பதிவான ட்ராக்கைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ரெட்வுட் அந்தத் தட்டை அப்படியே வாங்கிப்போய் அன்றிரவு கூட்டத்தில் போட்டார். முதலில் குரலோடு உள்ள பாட்டு. பின்னாலேயே குரலில்லாத அதே பாட்டு. கூட்டம் தானே பாடத் தொடங்கிவிட்டது. இந்தச் சேதி வியாபாரிகளுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஜமைக்காவின் சிங்கிள் தட்டுகளில் முன்பக்கம் பாட்டும் பின்பக்கம் 'வெர்ஷன்' எனப்படும் குரலற்ற வடிவமும் இருப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தப் பின்பக்கத்தை டப் என்ற கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். பிறந்தது 1941இல், கிங்ஸ்டனில். அவருக்கு எந்த வாத்தியமும் தொழில் கிடையாது. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது, டிரான்ஸ்பார்மர் சுற்றுவது, இவைதான் தொழில். சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். டியூக் ரீடிடம் தட்டு வெட்டும் வேலையும் பார்த்தார். வாட்டர்ஹவுஸ் பகுதியில் டிரோமிலி அவென்யூ 18ஆம் எண் வீட்டில் ஒரு சின்ன அறையை ஸ்டுடியோவாக்கினார். முழு வாத்தியக் குழு உட்கார அங்கே இடமில்லை. ஆகவே மற்ற ஸ்டுடியோக்களில் பதிவான நாலு ட்ராக் டேப்புகளைத் தயாரிப்பாளர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் மிக்ஸ் செய்து தருவார். இடம் போதாமை எப்படிப்பட்ட இசையைப் பிறப்பித்தது என்று பாருங்கள். புதிதாக எதையும் வாசித்துச் சேர்க்க முடியாதவர், இருப்பதிலிருந்து எடுக்கத் தொடங்கினார்.

டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டுடியோ கழித்துக் கட்டிய ஒரு எம்சிஐ மிக்ஸிங் கன்சோல் அவர் கைக்கு வந்தது. அதில் ஒரு பெரிய குமிழ் உண்டு. ஹை-பாஸ் ஃபில்டர். திருகத் திருக, கீழ்ச் சுரங்கள் படிப்படியாக உதிர்ந்து, கடைசியில் மேல் ஓசைகள் மட்டும் ஊசிமுனை போல நிற்கும். டப்பி இதை ஹை-ஹாட் சிம்பலிலும் கிட்டார் வெட்டிலும் திருகுவார். குரல் ஒரு சொல்லோடு வெட்டுப்படும். அந்த ஒற்றைச் சொல் டேப் எக்கோவில் விழுந்து தேய்ந்துகொண்டே போகும். சட்டென்று பாஸும் டிரம்மும் மட்டும் இருக்கும். ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைக் கையால் தட்டி இடிமுழக்கம் எழுப்புவார். இவையெல்லாம் டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே மூச்சில், இரண்டு கைகளாலும் செய்வது. இன்னொரு முறை மிக்ஸ் செய்தால் அது இன்னொரு பாட்டு. ஃபேடரில் இருக்கும் விரல் அந்த மூன்று நிமிடத்துக்குள் எடுக்கிற முடிவுகளே இசை. இதை வாசிப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இசைக்கலைஞர் அகஸ்டஸ் பாப்லோவோடு அவர் செய்த 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' 1976இல் ஆல்பமாக வந்தது. அதன் தலைப்புப் பாட்டு, ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு காதல் பாட்டின் பின்பக்க வடிவம். இன்று முன்பக்கத்தை அறிந்தவர்களைவிடப் பின்பக்கத்தை அறிந்தவர்களே அதிகம். மில்லரின் குரல் அங்கங்கே இரண்டு சொல்லாக, அரைச் சொல்லாக எட்டிப் பார்த்துவிட்டு மறையும். முழுப் பாட்டில் இருப்பதைவிட அந்த அரைச் சொல்லில் ஏக்கம் அதிகம். டப்பைப் புதிதாகக் கேட்பவர்கள் இந்த ஒன்றில் தொடங்கலாம். இதைவிடச் சிறந்த வாசல் எனக்குத் தெரியாது.

டப்பியின் அறையில் கைவேலை பழகியவர்கள் பிரின்ஸ் ஜாமியும் சயின்டிஸ்ட்டும். அதே நகரத்தில் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி 1973 வாக்கில் தன் வீட்டுக் கொல்லையில் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவைக் கட்டினார். டப்பியின் இசை வெட்டவெளி என்றால் பெர்ரியுடையது அடர்ந்த காடு. நாலு ட்ராக் இயந்திரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஏற்றி, டேப்பின் இரைச்சலையும் இசையில் ஒன்றாக்கிவிட்டார். 1976இல் வந்த 'சூப்பர் ஏப்' கேளுங்கள். டப்பி 1989 பிப்ரவரியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகம் அவருடைய பெயரை உரக்கச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்போது ஆம்பியன்டுக்காக லண்டன் போவோம். 1975 ஜனவரியில் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ ஒரு டாக்ஸி மோதி அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த தோழி ஜூடி நைலன் பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகு தட்டைப் போட்டுவிட்டுப் படுத்தால் சத்தம் மிகக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, எழுந்து திருத்தத் தெம்பில்லை. வெளியே மழை, மழைக்குள்ளே ஹார்ப் கேட்டும் கேட்காமலும் இருந்தது. அப்படியே கேட்கப் பழகினேன் என்பது ஈனோவின் கதை. நூறு நூல்களில் மேற்கோளாகிவிட்ட கதை இது. நைலன் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: மழையோடு பொருந்தும்படி இருவருமாகத்தான் சத்தத்தை அளந்து வைத்தோம் என்று. எனக்கு நைலன் சொல்வதே பிடித்திருக்கிறது. அதில் குமிழின்மேல் ஒரு கை இருக்கிறது. கேட்பவர் ஒரு முடிவு எடுக்கிறார்.

அதே ஆண்டு ஈனோவின் 'டிஸ்க்ரீட் மியூசிக்' வந்தது. ஒரு பக்கம் முழுவதும், அரை மணி நேரம், ஒரு சின்தசைசரிலிருந்து இரண்டு எளிய மெட்டுத் துண்டுகள். அவை இரண்டு டேப் இயந்திரங்களுக்கிடையே நீண்ட தாமதத்தோடு திரும்பத் திரும்ப வந்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 1978இல் 'ஆம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. அதில் 'டூ/ஒன்' என்ற இரண்டாவது பகுதியை எடுத்துக்கொள்வோம். மனிதக் குரல்கள், சொல் இல்லை. ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பாடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி டேப் லூப்பில். ஒரு லூப் ஏறத்தாழ 23½ விநாடியில் சுற்றி வரும், இன்னொன்று 26 விநாடிக்குச் சற்றுக் குறைவாக, இன்னொன்று 30 விநாடிக்கு அருகில். நீளங்கள் ஒன்றுக்கொன்று வகுபடாதவை. ஆகவே இந்தக் குரல்கள் ஒரே சேர்க்கையில் மீண்டும் சந்திக்க நெடுங்காலம் ஆகும். சிலசமயம் மூன்று குரல்கள் கூடி நிற்கும். சிலசமயம் ஒன்றுமே இராது, அந்த வெறுமையும் அழகாக இருக்கும். இசையமைப்பாளர் செய்தது விதைத்தது மட்டும். முளைத்தது தானே முளைத்தது.

டப்பியின் இசைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவை ஈனோவே சொல்லியிருக்கிறார். 1979இல் நியூயார்க்கில், ஸ்டுடியோவை இசையமைக்கும் கருவியாகக் கொள்வது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் மற்றவர்கள் ஓவியனைப் போல மேலே மேலே பூசுகிறார்கள், ஜமைக்காக்காரர்கள் சிற்பியைப் போலச் செதுக்கி எடுக்கிறார்கள் என்று வேறுபடுத்தினார். மதிப்போடு சொன்னது அது. ஆனால் ஆம்பியன்ட் பற்றிய நூல்கள் பலவும் பாரிஸில் இசையமைப்பாளர் சாத்தியில் தொடங்கி லண்டன் படுக்கையறையில் வந்து நிற்கின்றன. கிங்ஸ்டனுக்கு ஒரு பத்தியோடு சரி. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கருவி பழுது பார்த்த ஒரு கறுப்பர் செய்ததைத் தொழில்நுட்பம் என்றும், கலைக் கல்லூரியில் படித்த ஒருவர் செய்ததைக் கலை என்றும் பிரிக்கிற பழக்கம் அதில் ஒளிந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பங்கும் ஒன்று உண்டு. கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத் 1970இல் அமெரிக்கா சென்றார். அங்கே இசையமைப்பாளர்கள் லா மான்ட் யங், டெர்ரி ரைலி, பிற்பாடு ஜான் ஹாசல் ஆகியோர் அவரிடம் பாட்டு கற்றார்கள். ஒரே சுருதியில் நெடுநேரம் நின்று அதன் உள்ளோசைகளைக் கேட்பது அவர்கள் இசையின் அடிப்படை. ஹாசல் 1980இல் ஈனோவோடு சேர்ந்து செய்த 'ஃபோர்த் வேர்ல்ட், தொகுதி 1: பாசிபிள் மியூசிக்ஸ்' ஆல்பத்தில் டிரம்பெட் வாயால் பாடுவதுபோல வளைந்து வரும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்தக் கமகம் அந்நியமாக இராது.

1980களின் இறுதியில் லண்டன் நடன அரங்குகளில் ஆடிக் களைத்தவர்கள் உட்கார ஒரு தனி அறை ஒதுக்கினார்கள். ஹெவன் என்ற அரங்கில் அலெக்ஸ் பேட்டர்சனும் ஜிம்மி காட்டியும் அப்படி ஓர் அறைக்குத் தட்டு ஓட்டினார்கள். அங்கிருந்து பிறந்தவை கேஎல்எஃப் குழுவின் 'சில் அவுட்' (1990), த ஆர்ப் குழுவின் முதல் ஆல்பம் (1991). டவுன்டெம்போ என்று இன்று கடைகளில் பெயர் ஒட்டப்படும் பெரும் குவியலுக்கு ஒரு வேர் இது. குவியலில் பதர் நிறைய. ஹோட்டல் முகப்பறைக்கென்று அளந்து செய்த தொகுப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அவற்றை விலக்கிவிட்டே செல்லலாம். வியன்னாவின் க்ரூடரும் டார்ஃப்மைஸ்டரும் 1998இல் வெளியிட்ட 'கே அண்ட் டி செஷன்ஸ்' விதிவிலக்கு. அது பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டுகளை மறு மிக்ஸ் செய்தது. எதை வைப்பது, எதை எடுப்பது என்ற டப் பயிற்சி ஒவ்வொரு நிமிடமும் தெரியும்.

பெர்லினுக்கு வருவோம். 1989இல் மார்க் எர்னஸ்டஸ் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். அவரும் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் 1993இல் பேசிக் சானல் என்ற பெயரில் பன்னிரண்டு அங்குலத் தட்டுகள் வெளியிடத் தொடங்கினார்கள். டெட்ராய்ட்டின் டெக்னோ தாளம், அதன்மேல் ஒரே ஒரு சுரக்கூட்டு, அதாவது கார்டு. அந்தக் கார்டு எக்கோவிலும் ஃபில்டரிலும் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தட்டின் நடு லேபிளில் எழுத்துகளைச் சிதைத்து அச்சிட்டிருந்தார்கள்; யார் செய்தது என்று படிப்பதே பாடு. தாங்கள் நினைத்த பாஸ் தட்டில் வர வேண்டும் என்பதற்காகத் தட்டு வெட்டும் நிலையம் ஒன்றையும் அமைத்தார்கள்: டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங். பாஸ் பெருத்தால் தட்டின் பள்ளம் அகலும், அகன்றால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். ஆகவே பெரிய தட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, தேர்ந்த வெட்டுநர். அங்கே வெட்டிய தட்டுகளில் பள்ளம் முடிகிற வெற்று வளையத்தில் 'டி அண்ட் எம்' என்று கீறியிருப்பார்கள். பழைய தட்டுக் கடையில் அறியாத பெயரில் ஒரு தட்டு கிடைத்து, அதில் இந்தக் கீறல் இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வெட்டியவரின் காதை நம்பி வாங்குவதும் ஒரு வழிதான்.

ஸ்டெஃபான் பெட்கே அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த வால்டார்ஃப் 4-போல் ஃபில்டர் 1996இல் பழுதாகி, ஒலியில் படபடவென்று பொரியும் சத்தம் வரத் தொடங்கியது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. அந்தப் பொரியலையே தாளமாக்கி, அடியில் ஆழமான பாஸை வைத்து, போல் என்ற பெயரில் மூன்று ஆல்பங்கள் செய்தார்: நீல உறை, சிவப்பு உறை, மஞ்சள் உறை. முதலாவது 1998இல் வந்தது.

ஜப்பானைச் சொல்லாமல் விடக்கூடாது. டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தை மனதில் வைத்து ஹிரோஷி யோஷிமுரா 1982இல் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' செய்தார். எலக்ட்ரிக் பியானோவில் சின்னச் சின்ன மெட்டுகள். 1986இல் 'கிரீன்'. ஜப்பானுக்கு வெளியே அப்போது இதை அறிந்தவர்கள் மிகச் சிலர். யோஷிமுரா 2003இல் மறைந்தார். பிறகு தட்டு சேகரிப்பவர்கள் கைமாற்றிக் கேட்டு, யாரோ யூடியூபில் ஏற்றி, அதன் பரிந்துரைப் பட்டியல் வழியே லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. 2017இல் முதல் ஆல்பம் மறுபதிப்பானது. 2019இல் அந்தக் காலத்து ஜப்பானிய ஆம்பியன்ட் இசையின் தொகுப்பு 'கங்க்யோ ஓங்காகு' வந்தது. கிராமி பரிந்துரையும் பெற்றது. இந்த விஷயத்தில் இயந்திரத்தின் பரிந்துரை நன்மையே செய்தது என்று மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே இயந்திரம்தான் 'தூக்கத்துக்கு', 'படிப்புக்கு', 'தியானத்துக்கு' என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறது. மிக்ஸ் செய்தவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டுடியோவின் பெயர் பெரும்பாலும் இல்லவே இல்லை. அதனால் அடுத்த ஆல்பத்துக்குப் போகும் பாலம் அறுந்துபோகிறது. இன்னொரு இழப்பு பாஸ். பாஸ் கிட்டாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. கைபேசியில் டப் கேட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள்; பாட்டின் பாதி அவர்களை வந்தடையவே இல்லை. நல்ல ஹெட்ஃபோனோ, ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். ஆம்பியன்டுக்கு நேர்மாறான ஆலோசனை: ஈனோவையும் யோஷிமுராவையும் அறையின் மற்றச் சத்தங்களோடு கலக்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம். ஆனால் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள்.

பெயரைப் பின்தொடர்வது என்றேன். எப்படி என்று ஒரே பாட்டைக் கொண்டு காட்டுகிறேன். 'ஸ்பையிங் கிளாஸ்' என்று ஒரு பாட்டு. பாடியவர் ஹொரேஸ் ஆண்டி. கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன்னில் வளர்ந்த, நடுங்கும் உச்சக் குரல்காரர். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் வாக்கீஸ் என்ற ஸ்டுடியோவில் 'டான்ஸ் ஹால் ஸ்டைல்' ஆல்பத்துக்காக இதைப் பதிவு செய்தார். வாக்கீஸை நடத்தியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய லாய்ட் பார்ன்ஸ். ஆல்பத்தில் ஆறே பாட்டுகள். பாட்டு முடிகிற இடத்தில் நிற்காமல் அப்படியே டப்பாக நீண்டுபோகும் வகை. பிராங்க்ஸின் குளிர் அந்த ஒலியில் ஏறியிருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், கரீபியக் குடியேறிகளின் சவுண்ட் சிஸ்டம் பண்பாட்டில் வளர்ந்த இளைஞர்கள் மாஸிவ் அட்டாக் குழுவாகி, 1991இல் 'ப்ளூ லைன்ஸ்' ஆல்பத்துக்கே ஆண்டியை அழைத்துப் பாடவைத்தார்கள். 1994இல் 'ப்ரொடெக்‌ஷன்' ஆல்பத்தில் 'ஸ்பையிங் கிளாஸ்' பாட்டை அவரே மறுபடி பாடினார். மெதுவான, கனத்த தாளம். அந்த ஆல்பத்தை மேட் புரொஃபசரிடம் கொடுத்தார்கள். கயானாவில் பிறந்து சிறு வயதில் லண்டன் வந்த நீல் ஃப்ரேசர் அவர். 1979இல் வீட்டிலேயே அரிவா ஸ்டுடியோவைத் தொடங்கியவர். டப்பி வழியில் அவர் அதைப் பிரித்து மேய்ந்தார். 1995இல் 'நோ ப்ரொடெக்‌ஷன்' வந்தது. நம் பாட்டு அதில் 'ஐ ஸ்பை' ஆயிற்று. 'ப்ரொடெக்‌ஷன்' தலைப்புப் பாட்டில் ட்ரேசி தார்ன் நிறுத்தி நிதானமாகப் பாடிய ஆறுதல் மொழி, டப்பில் எங்கோ தொலைவிலிருந்து கிழிந்து கிழிந்து வரும். இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். டப் என்பது என்ன என்று எந்தச் சொற்பொழிவும் அதைப்போல விளக்காது. என் காதுக்கு இரண்டாவதே உயர்ந்தது.

கதை இன்னும் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வாக்கீஸின் பழைய தட்டுகளை வரிசையாக மறுபதிப்பு செய்தவர்கள் நாம் மேலே பார்த்த பெர்லின்காரர்கள், எர்னஸ்டஸும் ஃபான் ஆஸ்வால்டும். 'டான்ஸ் ஹால் ஸ்டைல்' இன்று எளிதாகக் கிடைப்பதற்கு அவர்கள் காரணம். ரிதம் அண்ட் சவுண்ட் என்ற பெயரில் அவர்கள் டெக்னோவை விட்டு ரெக்கே வேகத்துக்கே இறங்கிவந்தார்கள். 2003இல் வந்த 'ரிதம் அண்ட் சவுண்ட் வித் தி ஆர்ட்டிஸ்ட்ஸ்' ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பாடகர். அதன் துணை ஆல்பத்தில் அதே இசை, குரல் இல்லாமல். பாடியவர்களில் ஒருவர் லாய்ட் பார்ன்ஸ், த சோசன் பிரதர்ஸ் என்ற பெயரில். 'மேஷ் டவுன் பாபிலான்' என்பது அவர் பாட்டு. வீட்டுக்குப் போய் முதலில் அதைப் போடுங்கள். பிறகு அதன் குரலற்ற வடிவத்தை.